அளவுசார் ஆய்வா, பண்புசார் ஆய்வா? செவிலியர் ஆய்வுக்கு எது எப்போது

நர்சிங் முதுநிலை மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது, பெரும்பாலும் கை தானாக, எண்களில் அளந்து கணக்கிடும் அளவுசார் ஆய்வுக்குத்தான் போகிறது. முன்தேர்வு, ஒரு கற்பித்தல் திட்டம், பின்தேர்வு, அறுபது பேர், இரண்டு சராசரிகளை ஒப்பிடும் ஒரு ‘டி’ டெஸ்ட். அதில் தவறில்லை. கேள்வி என்னவென்று பார்க்காமல் முறையை முதலில் எடுத்து வைப்பதுதான் எனக்கு வருத்தம். ஒரே பிரச்சினையில் இதையும், மனிதர்களின் பேச்சையும் அனுபவத்தையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் பண்புசார் ஆய்வையும் வைத்துப் பார்ப்போம்: ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, செவிலியர் ஆய்வாளர் லிண்டா எய்க்கனின் குழு 2002-ல் முடிவை வெளியிட்டது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2.3 லட்சம் பேரின் பதிவுகளும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பதில்களும் அதில் உண்டு. செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பும் 7% கூடியிருந்தது. கூடுதல் பணியிடம் கேட்டுப் போகிறவர்களுக்கு இது பெரிய பலம். ‘வேலைப்பளு தாங்கவில்லை’ என்ற பேச்சைத் தள்ளிவிடலாம். இந்தக் கணக்கைத் தள்ளுவது கடினம்.

சரி, ஒரு நோயாளி கூடினால் வார்டில் எந்த வேலை விட்டுப்போகிறது? அதை அந்த 7% சொல்லாது. செவிலியர் ஆய்வாளர் பியாட்ரிஸ் கேலிஷ் 2006-ல் வெளியிட்ட பண்புசார் ஆய்வில், இரண்டு மருத்துவமனைகளின் செவிலியரையும் உதவியாளர்களையும் குழுக்களாக உட்காரவைத்துப் பேசவிட்டார். நோயாளியை நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு உணவு, ஆறுதலாக நாலு வார்த்தை என ஒன்பது வகை வேலைகள் வழக்கமாகவே விடுபடுவது தெரிந்தது. காரணங்களில் ஆள் பற்றாக்குறை இருந்தது. ‘அது என் வேலை இல்லை’ என்ற மனநிலையும், விட்டு விட்டே பழகிப்போனதும் இருந்தன. முதலில் யாராவது வாய்விட்டுச் சொன்னால்தானே இதெல்லாம் கேள்வித்தாளில் ஒரு கட்டமாக ஏறும்?

படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிவிடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்கு இடப்பக்கம், நான்கு மணிக்கு வலப்பக்கம் என்று சார்ட்டில் எழுதியிருக்கும். எண்ணுகிறவருக்கு அது முழு மதிப்பெண். இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் செவிலியர், கனமான நோயாளியைப் புரட்ட இன்னொரு கை கிடைக்கவில்லை என்பதைப் பேச்சில்தான் சொல்வார். அதுவும் கேட்பவர் அவருடைய இன்சார்ஜ் சிஸ்டராக இல்லாவிட்டால்தான். பண்புசார் ஆய்வின் பெரிய ஆபத்தே இதுதான்: கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பத்துப் பதினைந்து பேரின் பேச்சை வைத்து மாநிலம் முழுவதற்கும் சதவீதம் சொல்லவும் முடியாது.

வேலை குறைவு என்று நினைத்துப் பண்புசார் ஆய்வைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு மணி நேரப் பேட்டியை ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்யவே பாதி நாள் போய்விடும். அப்புறம் தமிழில் பேசியதை ஆங்கில ஆய்வேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டும் எதிரிகள் அல்ல. ஆனால் வரிசை முக்கியம் என்பது என் கருத்து. கேலிஷ் தன் குழுப் பேச்சில் வெளிவந்ததை வைத்துத்தான் பின்னர் ‘மிஸ்கேர்’ என்ற கேள்வித்தாளை உருவாக்கினார். விடுபட்ட பராமரிப்பை எண்ணும் வேலை மற்ற நாடுகளிலும் நடந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் தரவை வைத்து 2018-ல் வந்த ஆய்வில், விடுபட்ட பராமரிப்பு 10% கூடிய இடங்களில் இறப்பு வாய்ப்பு 16% கூடுதலாக இருந்தது. எதை எண்ணுவது என்பதை வார்டில் இருப்பவர்களின் பேச்சு முதலில் காட்டிக்கொடுத்தது.

பண்புசார் ஆய்வு என்று முடிவெடுத்தால், அதைச் செய்து பழகிய வழிகாட்டியை முதலில் தேடுங்கள். குரல் பதிவுக்கான ஒப்புதல் படிவத்தை, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தோடு சேர்த்தே தயார் செய்துவிடுங்கள்.