ஜெல் இல்லாமல் ஒரு படம்: ஸ்கேன் ப்ரோப் சோதனை அனுபவம்

மருத்துவமனையில் பயோமெடிக்கல் பிரிவில் வேலை. அல்ட்ராசவுண்ட் ப்ரோப்களை (உடலில் வைத்து ஸ்கேன் எடுக்கும் கைக்கருவி) சோதிக்க ஃபான்டம் (உடல் திசுவைப் போலச் செய்த சோதனைப் பெட்டி), எலக்ட்ரானிக் டெஸ்டர், வெறும் காற்று என மூன்று வழிகளையும் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இதில் எனக்கு அதிகம் கைகொடுத்தது காசே செலவில்லாத காற்றுச் சோதனைதான்.

ஜெல்லைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ப்ரோப்பைச் சும்மா காற்றில் பிடித்தால் போதும். ஒலி காற்றுக்குள் போகாமல் ப்ரோப்பின் முகப்பு அடுக்கான லென்ஸிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். உள்ளுக்குள் மாறி மாறி மோதுவதால் திரையின் மேல்பகுதியில் அடுக்கடுக்காகக் கோடுகள் வரும். நல்ல ப்ரோப்பில் அவை இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை சீராக இருக்கும். ஒலியை அனுப்பி வாங்கும் சின்னச் சின்னத் துண்டுகளான எலிமென்ட்களில் ஏதாவது செயலிழந்திருந்தால் அந்த இடத்தில் மேலிருந்து கீழாகக் கருப்புப் பட்டை விழும். படத்தை மெருகேற்றும் ஹார்மானிக், காம்பவுண்ட் வசதிகளை அணைத்துவிட வேண்டும். காம்பவுண்ட் பல கோணப் படங்களைக் கலப்பதால் பட்டை மங்கிவிடும்.

ஒரு லீனியர் (எலிமென்ட்கள் நேர்வரிசையில் உள்ள, தட்டையான முகப்பு) ப்ரோப்பில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம் இப்படிப் பட்டை தெரிந்தது. கைப்பிடியில் கேபிள் சேரும் இடத்தை லேசாக வளைத்ததும் மறைந்தது. விட்டதும் திரும்ப வந்தது. அப்படியென்றால் எலிமென்ட் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே கம்பிதான் விட்டுப்போயிருக்கிறது. தினமும் அதில் கழுத்து ரத்தக்குழாய் பார்க்கும் டாக்டர், "படம் நல்லாத்தானே வருது?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். படத்தின் ஒவ்வொரு வரியையும் பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்கள் பல சேர்ந்துதான் உருவாக்குகின்றன. ஒன்றிரண்டு போனால் கண்ணுக்கு உறைக்காது. ஆனால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் முறையில் வேக அளவு பிசக வாய்ப்புண்டு. அதை வைத்துத்தானே அடைப்பு எவ்வளவு என்று முடிவு செய்கிறார்கள்? உடனே ரிப்பேருக்கு அனுப்பினோம்.

ஸ்வீடனில் 32 மருத்துவமனைகளில் புழக்கத்திலிருந்த 676 ப்ரோப்களைச் சோதித்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39.8 சதவீதத்தில் குறை இருந்தது. லென்ஸ் அடுக்கு பிரிந்தது 26.5 சதவீதம், கேபிள் அறுந்தது 8.4 சதவீதம், எலிமென்ட்டே கெட்டது அபூர்வம். நான் பார்த்ததும் ஏறக்குறைய இதேதான். டிராலி சக்கரம் கேபிள் மேல் ஏறுவதையும், கம்பெனி அனுமதிக்காத கிருமிநாசினியால் லென்ஸைத் துடைப்பதையும் நிறுத்தினாலே பாதித் தொல்லை குறையும்.

ஃபான்டம் எதற்கு என்றால், ஆழமும் தூர அளவும் சரியா என்று பார்க்க. உள்ளே ஒலி வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துச் செய்திருப்பார்கள். நீர் கலந்த ஜெல் வகையென்றால் நாளாக நாளாக உலரும், அளவும் மாறும். அதனால் அவ்வப்போது எடை போட்டுக் குறித்து வைக்கிறேன். ப்ரோப்பில் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இது அவ்வளவாக உதவவில்லை.

எலக்ட்ரானிக் டெஸ்டர் ஒவ்வொரு எலிமென்ட்டாக உணர்திறனையும் கெப்பாசிட்டன்ஸையும் (மின்தேக்கு திறன்) அளந்து, கோளாறு கேபிளிலா எலிமென்ட்டிலா என்று பிரித்துச் சொல்லிவிடும். விலைதான் பயமுறுத்தும், போதாததற்கு ஒவ்வொரு கம்பெனி கனெக்டருக்கும் தனி அடாப்டர். ஆனாலும் இதய ஸ்கேன் செய்யும் ஃபேஸ்டு அரே ப்ரோப்புக்கு இதை விட்டால் நல்ல வழி இல்லை. அதில் எல்லா எலிமென்ட்டும் சேர்ந்தே ஒவ்வொரு வரியையும் உருவாக்குவதால், காற்றில் பிடித்தால் பட்டை தெளிவாகத் தெரியாது.

புது ப்ரோப் வந்தால், பில்லில் கையெழுத்துப் போடும் முன்பே காற்றில் ஒரு படம் எடுத்து, கெயின், டெப்த், ஃபோகஸ் செட்டிங்கோடு சேமித்துவிடுங்கள். அப்புறம் மாதாமாதம் அதே செட்டிங்கில் எடுத்து, முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். வாரன்டி பேசும்போது சர்வீஸ் இன்ஜினியரிடம் காட்ட இந்த இரண்டு படங்களே போதும்.