பழைய ராணுவ ரிவால்வர்: பிரெஞ்சு 1873-ஆ, ஜெர்மன் 1879-ஆ?

பிரான்சில் 1900-க்கு முந்தைய கைத்துப்பாக்கி மாடல்களைப் பெரும்பாலும் உரிமம் இல்லாமலே சேகரிக்கலாம். அதனால் இந்த இரண்டில் ஒன்று என்று வந்தபோது சட்டச் சிக்கல் எதுவும் குறுக்கே நிற்கவில்லை. நான் வாங்கியது ஜெர்மன் ரிவால்வர். குழலின் உள்விட்டம் பிரெஞ்சில் 11 மி.மீ., ஜெர்மனில் 10.6 மி.மீ.; இரண்டிலும் ஆறு குண்டுகள். வேலைப்பாட்டில் பிரெஞ்சுதான் ஒரு படி மேல். காலித் தோட்டாவைத் தள்ளிவிடும் கம்பி அதிலேயே உண்டு, ஜெர்மன் ரிவால்வரில் அது கிடையாது. ஆனால் சுடுவதற்காக வாங்காதவனுக்கு அது பெரிய விஷயமில்லை. என்னை முடிவெடுக்க வைத்தவை உலோகத்தில் பொறித்த முத்திரைகள்.

பிரெஞ்சு முத்திரைகளைப் படிப்பது சுலபம். குழலின் மேல் மாடல் பெயர், வலப்பக்கம் 'எஸ் 1877' என்பதுபோல ஆலையின் எழுத்தும் ஆண்டும், சட்டகத்தில் சாய்ந்த கையெழுத்து வடிவில் செயின்ட் எத்தியென் ஆயுத ஆலையின் பெயர். நீள்வட்டத்துக்குள் 'ஈஎல்ஜி' இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை, அதாவது சுட்டுச் சோதித்ததற்கான அடையாளம். அப்படியானால் கையில் இருப்பது ராணுவ ஆலையில் செய்ததல்ல, அதைப் பார்த்துச் செய்த தனியார் நகல். நீள்வட்டத்தின் மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தையது. சரி, எங்கே, எப்போது செய்தார்கள் என்பது தெரிந்துவிடும். யார் வைத்திருந்தார் என்பதற்கு உலோகத்தில் பொதுவாகப் பதில் இருக்காது.

ஜெர்மன் ரிவால்வரின் கைப்பிடிப் பட்டையில் அந்தப் பதில் இருக்கிறது. '3.ஹெச்.2.45.' என்று இருந்தால், ஜெர்மனியின் ராத்தெனோ ஊரில் இருந்த 3-ஆம் ஹுஸார் குதிரைப்படை, அதன் 2-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு), 45-ஆம் ஆயுதம். 'டி' என்றால் டிராகூன், 'யு' என்றால் உலான் (இரண்டும் குதிரைப்படை வகைகள்), 'ஏ' என்றால் பீரங்கிப்படை. வேறு படைக்கு மாறியபோது பழைய குறியைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புதியதைப் பொறித்தார்கள். அப்படி அடிக்கப்பட்ட குறியைக் குறையாக எண்ணி விலை பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அந்தத் துப்பாக்கியின் இரண்டாவது அத்தியாயம்.

கிரீடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். கிரீடத்தின் கீழ் கோதிக் எழுத்து (பழைய ஜெர்மன் அச்செழுத்து வடிவம்) இருந்தால் அது பெரும்பாலும் ராணுவ ஆய்வாளரின் குறி. கிரீடத்தோடு சாதாரண 'பி' (B), 'யு' (U), 'ஜி' (G) இருந்தால் 1891 ஜெர்மன் சட்டப்படி வந்த சிவில் சோதனை முத்திரை. அது 1893-இல்தான் நடைமுறைக்கு வந்தது, ஆகவே 1880-களின் ராணுவ ரிவால்வரில் அதைக் கண்டால், பின்னாளில் தனியார் சந்தைக்கு வந்ததா என்று கேட்டாக வேண்டும்.

படைக்குறி இருந்தால் விலை கூடும், அதனால் போலிகளும் உண்டு. சுற்றியுள்ள உலோகம் தேய்ந்து மழுங்கியிருக்க, குறி மட்டும் நேற்று பொறித்ததுபோல் கூர்மையாக இருந்தால் வேண்டாம். எண்கள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், மெருகேற்றித் தேய்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மறுவிற்பனையில் பிரெஞ்சுக்கு ஒரு சாதகம் உண்டு: மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், உதிரிபாகமும் வாங்குபவரும் எளிதில் கிடைப்பார்கள். என்னுடையதை நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. ஜெர்மனியின் மற்ற அரசுகளான பவேரியா, சாக்சனியின் படைக்குறிகளையும் அதிகம் கையாண்டதில்லை, இங்கே சொன்னது பிரஷ்ய அரசின் குறிகளுக்குத்தான். எதை வாங்கினாலும் விலை பேசும் முன் கைப்பிடிப் பட்டையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எண்கள் தெரியாது.