எலிக்கு மயக்க மருந்து: வால் சிரையா, வயிற்றறையா?

ஆய்வக எலிக்குக் கெட்டமின் என்ற மயக்க மருந்தை வால் சிரையில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் சாய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மயக்கம் போதுமான ஆழத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் வாலை வெதுவெதுப்பாக்கிச் சிரையைப் புடைக்க வைக்கவே பழகிய கை வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம்.

வயிற்றறையில் ஊசி போடுவது சுலபம். அப்புறம்தான் தலைவலி. அங்கே உறிஞ்சப்படும் மருந்தில் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்குப் போய், கொஞ்சம் சிதைந்த பிறகே மூளையை எட்டும். அதனால் அளவு கூடுதலாக வேண்டும், மயக்கத்துக்கு 5 முதல் 10 நிமிடம் ஆகும். ஊசிமுனை தவறிக் குருட்டுக்குடலில் இறங்கினால் எலி சரியாக மயங்காது. போட்ட மருந்தைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. கல்லீரல் வேகமாகச் சிதைக்கும் புரொபஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்துக்கு என்னைக் கேட்டால் சிரைதான்.