ஆயிரம் யார்டில் எந்தத் தோட்டா?

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டி 50 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. படுத்தபடி, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, தொலைநோக்கி வழியே குறிபார்த்துச் சுடும் எஃப்-கிளாஸ் போட்டியில் குறிப்பலகை 1,000 யார்டு, அதாவது 914 மீட்டர் தள்ளிக்கூட நிற்கும். அமெரிக்கப் பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். அவ்வளவு தூரத்தில் ஆளைக் கவிழ்ப்பது காற்று. எந்தக் கேலிபர் (குண்டின் விட்டம்) நல்லது என்ற சண்டையெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடிக்கிறது என்று வையுங்கள். வழக்கமான 175 கிரெய்ன் (குண்டின் எடை, சுமார் 11 கிராம்) குண்டோடு .308 வின்செஸ்டர் தோட்டா (.308 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்) சுமார் இரண்டரை மீட்டர் விலகும். 140 கிரெய்ன் 6.5 கிரீட்மோர் (இந்த எண் மில்லிமீட்டரில்) இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக. 180 கிரெய்ன் .284 வின்செஸ்டர் ஒன்றரை மீட்டரை ஒட்டி. ஒல்லியான, நீளமான, கனத்த குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழப்பதில்லை. காற்றின் தள்ளுதலும் அந்த அளவுக்குக் குறையும். 1963இல் வேட்டைக்காரர்களுக்காக வந்து, சந்தையில் எடுபடாமல் போன .284 இன்று எஃப்-கிளாஸில் தோட்டாத் தேர்வுக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லாத ஓப்பன் பிரிவில் கொடிகட்டிப் பறப்பது இதனால்தான்.

சரி, அப்புறம் .308 ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? விதிதான் காரணம். எஃப்-கிளாஸின் இன்னொரு பிரிவான எஃப்-டிஆரில் .308, .223 இரண்டுக்கு மட்டுமே அனுமதி. எல்லோருக்கும் ஒரே குறை என்பதால், காற்றைப் படிக்கத் தெரிந்தவர் ஜெயிக்கிறார். 200 கிரெய்ன் குண்டு போட்டு அந்தக் குறையையும் கொஞ்சம் ஈடுகட்டுகிறார்கள். .223க்கு உதைப்பு குறைவு. ஆனால் காற்று சுழலும் நாளில் அழவைத்துவிடும்.

பாவம், 6.5 கிரீட்மோர்தான் நடுவில் மாட்டிக்கொண்டது. 1874இல் அமெரிக்க அணி அயர்லாந்தை வென்ற லாங் ஐலண்ட் மைதானத்தின் பெயரைத் தாங்கிய தோட்டா அது. உதைப்பு மிதம், கடையில் வாங்கும் தோட்டாவே நன்றாகச் சுடும். ஆனால் எஃப்-டிஆரில் நுழைய முடியாது, ஓப்பனிலோ .284 போன்ற 7 மி.மீ. குண்டுகள் முந்திவிடும்.

பணக் கணக்கும் இருக்கிறது. .308 குழல் நாலாயிரம், ஐயாயிரம் தடவை சுட்டாலும் தாங்கும். .284 குழல் இரண்டாயிரத்தை ஒட்டியே தளர ஆரம்பிக்கும். .284க்குத் தோட்டாவையும் பெரும்பாலும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், முதல் இரண்டு வருடம் .308 போதும். அந்தக் குழல் தேயும்போது ஓப்பனுக்கு மாறுவதா என்று யோசிக்கலாம்.