களிமண்ணா, மைதா மாவா, கடைக் கிளேயா?

எல்கேஜி வயதில் விரலும் பழகணும், கற்பனையும் ஓடணும் என்றால் கையில் பிசைய ஒன்று வேண்டும்.

கடையில் விற்கும் கலர் கிளே சுத்தமானது, மெத்தென்றிருக்கும். மூடாமல் விட்டால் காய்ந்து உதிரும். நாலு கலரும் ஒரே நாளில் கலந்து பழுப்பாகும். மைதா மாவு மலிவு: 1 கப் மைதா, அரை கப் தூளுப்பு, 1 ஸ்பூன் எண்ணெய், அரை கப் வெந்நீர். ஐப்பசி மழையில் உப்பு நீர் விட்டுப் பிசுபிசுக்கும், விரலில் கீறல் இருந்தால் எரியும்.

எங்கள் ஓட்டு களிமண்ணுக்குத்தான். திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் வீடுகளில், கல் இல்லாமல் சலித்துப் பிசைந்த மண்ணாகக் கேட்டுப் பாருங்கள். 2 கிலோ தாராளம். பிள்ளையார் சதுர்த்தி நெருக்கத்தில் போகாதீர்கள், அவர்களுக்குத் தலைக்குமேல் வேலை.

களிமண்ணை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணம் பராமரிப்பு. உண்மையில் அங்கேதான் அது ஜெயிக்கிறது. ஈரத் துணியில் சுற்றி மூடியுள்ள வாளியில் வையுங்கள். சித்திரை வெயிலில் தினமும் துணியை நனைக்க வேண்டும். மறந்து கல்லாகிவிட்டதா? முழுக்கக் காயவிட்டு, சுத்தியலால் நொறுக்கி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். மேல்தண்ணீரை வடித்து, சேற்றைப் பழைய வேட்டியில் பரப்பினால் ஈரம் இறங்கும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைந்தால் பழைய மண்ணேதான். பாதி ஈரத்தில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும். கிளேயும் மாவும் இப்படிப் பிழைத்து வராது.

யானை செய்தால் கால் விழும். ஒட்டும் இரு பக்கமும் குச்சியால் கீறி, சேற்றுக் குழம்பு தடவி அழுத்தினால் நிற்கும். நீங்கள் ஒரு யானை செய்து காட்டாதீர்கள். அப்புறம் பிள்ளை அதைத்தான் காப்பியடிக்கும்.

எழுத்துக்கு, மண்ணைத் திரியாக உருட்டி ‘ட’, ‘ப’ செய்தால் வடிவம் பிடிபடும். எங்கே தொடங்கி எப்படி இழுப்பது என்பது வராது. அதற்கு மண்ணைச் சப்பாத்தி கனத்தில் தட்டி, ஐஸ் குச்சியால் எழுதவிடுங்கள். ஈரக் கட்டைவிரலால் தேய்த்தால் அழிந்துவிடும். கையெழுத்து முத்து முத்தாகும் என்று சத்தியம் செய்ய முடியாது. விரலுக்குப் பலம் வரும்.

கையைச் சிங்க்கில் கழுவ விடாதீர்கள், குழாய் அடைக்கும். வாளியில் கழுவி, தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் தங்கும் மண்ணைத் திரும்பக் களிமண் வாளியில் சேர்த்துவிடலாம்.