கடல்நீர் ஹைட்ரஜன்: ருத்தீனியமா, நிக்கல்-இரும்பா?

கடல்நீரை நேரடியாக மின்பகுத்து ஹைட்ரஜன் எடுப்பதில் ஹைட்ரஜன் வரும் பக்கத்தைவிட ஆக்சிஜன் வரும் பக்கம்தான் தலைவலி. அந்த நேர்மின்வாய்க்கு வினையூக்கியாக ருத்தீனியம் ஆக்சைடு நானோ துகள்கள், நிக்கல்-இரும்பு அடுக்கு ஹைட்ராக்சைடு நானோ தாள்கள் இரண்டையும் சோதித்து, நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். விலையில் நிக்கல்-இரும்புதான் மலிவு என்று சொல்ல வேண்டியதில்லை.

ருத்தீனியத்தின் தொடக்க அளவீடுகள் அருமையாக இருக்கும். ஆனால் உப்புக் கரைசலிலிருந்து குளோரின் எடுக்கும் ஆலைகள் டைட்டானியத் தகட்டின்மேல் பூசுவதும் இதே ஆக்சைடைத்தான். உப்பிலுள்ள குளோரைடை வரவேற்பது அதன் பிறவிக்குணம். கரைசலில் ஒரு சொட்டை அயோடைடு-மாவுத் தாளில் வைத்தால் நீலம் ஏறுகிறதா என்று பார்ப்பேன். ஏறினால் ஆக்சிஜனுக்குப் பதில் ஹைப்போகுளோரைட் (சலவை வெளுப்பானில் உள்ள குளோரின் சேர்மம்) உருவாகிவிட்டது என்று பொருள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஆயுள். காரக் கரைசலில் ஆக்சிஜன் வினைக்கும் ஹைப்போகுளோரைட் உருவாவதற்கும் இடையே சுமார் 480 மில்லிவோல்ட் இடைவெளி உண்டு. நிக்கல் நுரையில் (துளைகள் நிறைந்த நிக்கல் உலோகம்) வளர்த்த நிக்கல்-இரும்புத் தாள்கள், ஆக்சிஜன் வினைக்கான அடிப்படை மின்னழுத்தத்துக்கு மேல் 300 மில்லிவோல்ட் வாக்கிலேயே வேலையைத் தொடங்கிவிடுவதால் குளோரைடுக்கு வாய்ப்பு வருவதில்லை. ஆனாலும் குளோரைடு சும்மா இருக்காது; தாள்களின் இடுக்கில் நுழைந்து அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். இதற்கு ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜி டாய் குழு 2019இல் காட்டிய வழி எனக்குப் பிடித்தது: நுரைக்கும் தாள்களுக்கும் நடுவே நிக்கல் சல்பைடு அடுக்கு. மின்னோட்டம் பாயும்போது சல்பைடு ஆக்சிஜனேற்றமடைந்து சல்பேட்டாகிறது; கார்பனேட்டுடன் சேர்ந்து அந்த எதிர்மின் அயனிகள் குளோரைடைத் தள்ளி நிறுத்துகின்றன. அவர்களது மின்வாய் 1,000 மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. முதல் அளவீட்டில் சில மில்லிவோல்ட் மிச்சம் பிடிப்பதைவிட இதுதான் பெரிது.

குறை இல்லாமல் இல்லை. அதிக மின்னோட்டத்தில் இரும்பு மெல்ல மெல்லக் கரைசலுக்குள் கசியும். மாங்கனீசு ஆக்சைடு மேற்பூச்சு குளோரைடை வடிகட்டும் என்பது நல்ல யோசனை. ஆனால் அதை நான் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்ததில்லை, எனவே பரிந்துரைக்கத் தயக்கம்.

எதிர்மின்வாயில் பிளாட்டினமோ நிக்கல்-மாலிப்டினமோ, எதைப் போட்டாலும் மக்னீசியம், கால்சியம் ஹைட்ராக்சைடுகள் வெள்ளைப் படிவாக ஏறி மூடும். காரத்தை முன்பே சேர்த்து, பால்போல் திரளும் வீழ்படிவை வடித்தெடுத்துவிட்டால் பெரும்பங்கு தொல்லை போகும்.

ஒரு கணக்கையும் மறைக்கக் கூடாது. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு மின்பகுப்பில் சுமார் 50 யூனிட் மின்சாரம் செலவாகும். அதற்கு வேண்டிய 10 லிட்டர் சொச்சம் நீரை எதிர்ச்சவ்வூடு பரவலில் (RO) நன்னீராக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. ஆகையால் முதலில் உப்பை நீக்கிவிடலாம் என்று வாதிடுபவர்களுக்கு வலுவான பிடி இருக்கிறது. அந்த வழிக்குப் போனாலும் நிக்கல்-இரும்பு மின்வாய் வீணாகாது. நன்னீர் காரக் கலத்தில் அதையே பொருத்திக்கொள்ளலாம்.