ஐ.எல்.டி.க்கு எந்த வாசல்? சென்னை, வேலூர், புதுச்சேரி நுரையீரல் பிரிவுகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ஐ.எல்.டி. என்று மூன்று எழுத்து. "நுரையீரல் சுருங்கியிருக்கு, பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பெரிய டாக்டர் யார் என்று அலைவதிலேயே பல குடும்பங்களுக்கு மாதங்கள் போய்விடுகின்றன.

ஐ.எல்.டி. (இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ்) என்பது ஒரு நோயின் பெயரல்ல. நுரையீரலின் காற்றறைகளுக்கு இடையே உள்ள மெல்லிய திசு வீங்கி, தழும்பேறி, விறைத்துப்போகும் 200க்கும் மேற்பட்ட நோய்களின் குடும்பப் பெயர். சில வகை ஸ்டீராய்டுக்கு நன்றாக அடங்கும். சில வகைக்கு அதே ஸ்டீராய்டு கெடுதல். அதனால் ராசியான டாக்டர் ஒருவரின் பெயரைத் தேடிப் போவதைவிட, நுரையீரல் மருத்துவர், ஸ்கேன் படிக்கும் ரேடியாலஜிஸ்ட், மூட்டுவாத நிபுணரான ருமட்டாலஜிஸ்ட், தேவைப்பட்டால் திசுவைச் சோதிக்கும் பேதாலஜிஸ்ட் ஆகியோர் ஒரே ஸ்கேனைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்கும் இடத்தைத் தேடுவதே சரி. ஆஸ்பத்திரி பாஷையில் அதற்கு எம்.டி.டி. என்று பெயர். கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடலாம். ஐ.எல்.டி.க்கென்று தனி கிளினிக் நாள் உண்டா? நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடப்பதை அளக்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனை அங்கேயே எடுக்கிறார்களா? மூட்டுவாதப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் போகலாம். டி.எல்.சி.ஓ. என்றால் என்னவென்று வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம், நுரையீரல் செயல்திறனைச் சோதிக்கும் பி.எஃப்.டி. லேபுக்கு இணைப்பு கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். போர்டில் உள்ள பட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டி.டி.சி.டி., எம்.டி., டி.என்.பி., டி.எம். எல்லாமே நெஞ்சக மருத்துவப் படிப்புகள்தான். ஆனால் நாள் முழுக்க ஆஸ்துமாவும் காசநோயும் பார்க்கிற ஒரு நல்ல மருத்துவரிடம்கூட ஐ.எல்.டி. எப்போதாவதுதான் வரும். ஸ்கேனைப் பார்த்ததும் "இதை நீங்கள் இன்னோர் இடத்தில் காட்டுங்கள்" என்று கடிதம் எழுதிக் கொடுப்பவர் நல்ல மருத்துவர். அவரைக் குறைவாக எண்ண வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே இடத்தின் தரம் தெரிந்துவிடும். சட்டையைத் தூக்கி முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைக்கிறார்களா? வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சரசரப்பு அங்கேதான் கேட்கும். நகக்கண் உருண்டு தடித்திருக்கிறதா என்று விரல்களைப் பார்க்கிறார்களா? நடக்க வைத்து ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார்களா? உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டுகிறவருக்கு வராந்தாவில் இரண்டு சுற்று நடந்ததும் 86 ஆகலாம். நாற்காலியில் மட்டும் பார்த்தால் இது தெரியாது. விரலில் நெயில் பாலிஷோ அடர்ந்த மருதாணியோ இருந்தால் கருவி தவறாகக் காட்டக்கூடும். போகுமுன் ஒரு விரலையாவது சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கேள்விகள். இதற்கு நேரம் ஒதுக்காத கிளினிக்குக்கு எங்கள் மதிப்பெண் மிகக் குறைவு. 27 மையங்களில் 1,084 நோயாளிகளைச் சேர்த்து 2017ல் வெளியான இந்திய ஐ.எல்.டி. பதிவேட்டில் முதலிடம் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸுக்கு. 47 சதவீதம். மூச்சில் போகும் ஏதோ ஒரு தூசுக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமை அது. இந்த வகை நோயாளிகளில் சுமார் பாதிப்பேர் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். கூலரின் ஈரத் தட்டியில் பூசணம் பிடிக்கும். ஆகவே கேட்கப்பட வேண்டியவை: பால்கனியில், குளியலறை ஜன்னல் இடுக்கில் புறா அடைகிறதா, வீட்டில் கிளி அல்லது லவ் பேர்ட்ஸ் உண்டா, தலையணையில் இறகு அடைத்திருக்கிறதா, நனைந்த வைக்கோலைப் பிரித்துப் போடுகிறீர்களா, கரும்புச் சக்கையோடு வேலையா, சுவரில் ஓதம் ஏறிப் பூசணம் உண்டா, கல் குவாரியில் இருந்தீர்களா. பிறகு மாத்திரைகள். இதயத் துடிப்புக்கு அமியோடரோன், சிறுநீர்த் தொற்றுக்கு நீண்ட நாள் நைட்ரோஃப்யூரன்டாயின், மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஆகிய மூன்றும் நுரையீரலைப் பாதிக்கக்கூடியவை. காரணம் புறா என்றால், புறாவை விரட்டாமல் எவ்வளவு மாத்திரை விழுங்கினாலும் பலன் அரைகுறைதான். எச்சத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலையையும் நோயாளி செய்யக் கூடாது. வேறு ஒருவர் ஈரப்படுத்திவிட்டு, முகக்கவசத்தோடு செய்ய வேண்டும்.

காசநோய்க் குழப்பத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரேயில் நிழல், இருமல், எடை குறைவு. இவ்வளவு இருந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது டி.பி.தான், அது நியாயமும்கூட. ஆனால் சளியில் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் பரிசோதனை செய்யாமல், கிருமி கிடைக்காமல், ஆறு மாத மாத்திரை முடித்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். அதே போல, இன்ஹேலர் மாற்றி மாற்றிக் கொடுத்தும் வறட்டு இருமல் அடங்காத 'ஆஸ்துமா'வையும் சந்தேகிக்க வேண்டும்.

இனி ஸ்கேன். பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. தேவைப்படுவது எச்.ஆர்.சி.டி., அதாவது மெல்லிய துண்டுகளாக எடுக்கும் நுணுக்கமான சி.டி. ஸ்கேன்; வண்ண ஊசி வேண்டாம். துண்டின் தடிமன் 1.5 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்து மல்லாந்து ஒரு முறை, மூச்சை முழுக்க விட்டு ஒரு முறை, குப்புறப் படுத்து ஒரு முறை. வெறும் 'செஸ்ட் சி.டி.' என்று எழுதிப் போனால் பல சென்டர்களில் முதலாவதை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். குப்புறப் படுப்பது எதற்கு? மல்லாந்திருக்கும்போது உடல் எடையாலேயே முதுகுப் பக்கம் ஒரு மங்கல் தெரியும். குப்புறப் படுத்தால் அது மறைய வேண்டும். மறையாவிட்டால்தான் நோய். மூச்சை விட்டு எடுப்பது, சிறு குழாய்களில் காற்று சிக்கியிருக்கிறதா என்று பார்க்க; ஒவ்வாமை வகையைப் பிடித்துக் கொடுக்கும் முக்கியமான தடயம் அது. இருமிக்கொண்டே படுத்தால் படம் ஆடிப்போய், இல்லாத மங்கல் தோன்றும். இரண்டு நிமிடம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பழகிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபிலிம் மட்டும் வாங்கி வராதீர்கள். ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்களான டைகாம் கோப்புகளை சி.டி. தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், வீட்டுக் கணினியில் திறக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிலிமில் அச்சாவது பெரும்பாலும் தடித்த துண்டுகள். தேன்கூடு போன்ற குழிவா, இழுபட்டு விரிந்த மூச்சுக்குழாயா என்று அதில் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அந்த ஒரு வேறுபாட்டில்தான் பல முடிவுகள் நிற்கின்றன. பழைய ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய வயிற்று ஸ்கேனில்கூட நுரையீரலின் அடிப்பகுதி விழுந்திருக்கும். நோய் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அது சொல்லிவிடும்.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி மட்டும் போதாது. காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்பதை டி.எல்.சி.ஓ.தான் காட்டும். அதற்கு ஹீமோகுளோபின் அளவையும் கொடுக்க வேண்டும். ரத்தசோகை உள்ளவருக்குத் திருத்தாமல் கணக்கிட்டால் நுரையீரல் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். அடுத்தடுத்த பரிசோதனைகளை அதே லேபில், அதே கருவியில் எடுங்கள். ஒரு வருடத்தில் எஃப்.வி.சி. (முழு மூச்சு இழுத்து வேகமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) 90 சதவீதத்திலிருந்து 84 ஆகியிருந்தால் மருத்துவர் அதைக் கவனிக்க வேண்டும். கருவி மாறியிருந்தால் அந்த 6 நோயால் இறங்கியதா, கருவியால் இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது வாசல்கள்.

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, சென்னை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே. நெஞ்சகப் பிரிவு, தனி ருமட்டாலஜி பிரிவு, பர்னார்ட் ரேடியாலஜி நிலையம் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ். எங்கள் அளவுகோலுக்கு இது பெரிய பலம், செலவும் மிகக் குறைவு. சிரமம், கூட்டம். காலையிலேயே சீட்டு போட வேண்டும், ஒரே நாளில் எல்லாம் முடியாது, துணைக்கு ஒருவர் அவசியம். மூச்சு வாங்குகிறவரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். சக்கர நாற்காலி கேளுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை 1928ல் டேவிட் சௌரி முத்து காசநோய் சானடோரியமாகத் தொடங்கியது. டி.பி.யா இல்லையா என்ற குழப்பம் இன்னும் தீராதவர்கள் முதலில் போக ஏற்ற இடம்.

ஜிப்மர், புதுச்சேரி. நுரையீரல் பிரிவோடு, மூட்டுவாதம் போன்ற நோயெதிர்ப்புக் கோளாறுகளைப் பார்க்கும் கிளினிக்கல் இம்யூனாலஜி பிரிவும் வலுவாக உள்ள மத்திய அரசு நிறுவனம். மூட்டு வலி, குளிரில் விரல் நுனி வெளுத்து நீலமாவது, வாய், கண் வறட்சி, விரல் ஓரத் தோல் வெடிப்பு ஆகியவற்றோடு மூச்சு வாங்குபவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு. நுரையீரலில் தெரிவது உள்ளே இருக்கும் ஸ்க்ளீரோடெர்மாவின் (தோல் தடித்து இறுகும் நோய்), முடக்குவாதத்தின், தசை அழற்சியின் நிழலாக இருக்கலாம். ஏ.என்.ஏ., ஆன்டி சி.சி.பி., ஈ.என்.ஏ., மயோசைட்டிஸ் பேனல் ஆகிய ரத்தப் பரிசோதனைகளுக்கு அங்கே மருத்துவர் சொன்ன பிறகு கொடுப்பதே நல்லது. வெளியே பேக்கேஜாக எடுத்தால் தேவையில்லாதது பாதி இருக்கும்.

சி.எம்.சி., வேலூர். நுரையீரல், ருமட்டாலஜி, பேதாலஜி எல்லாம் ஒரே நிறுவனத்தில். பயாப்ஸி எடுத்தும் பதில் தெளிவில்லாதவர்களுக்கு மறு கருத்து கேட்க நல்ல இடம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது; கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து எழுதிக் கொடுத்து வாங்கிச் செல்லுங்கள். ஜெனரல், பிரைவேட் என இரண்டு ஓ.பி. உண்டு, ஜெனரலில் செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். வேலூர் நகர வளாகமா, ராணிப்பேட்டை வளாகமா என்று அப்பாயின்ட்மென்ட் தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்று, நான்கு நாள் தங்கும்படி திட்டமிடுங்கள்.

சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனைகள். ஒரே நாளில் ஸ்கேன், பி.எஃப்.டி., எக்கோ எல்லாம் முடிந்துவிடும். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இது உதவி. ஆனால் நான்கு நிபுணர்களைத் தனித்தனியாகப் பார்த்து நான்கு சீட்டு வாங்கினால் அது எம்.டி.டி. ஆகாது. "எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு எழுத்தில் கிடைக்குமா?" என்று கேளுங்கள். நுரையீரல் மாற்று அறுவை வேண்டிவரும் நிலை என்றால் அப்போலோ, எம்.ஜி.எம். ஹெல்த்கேர், க்ளெனீகிள்ஸ் போன்ற இடங்களுக்குத்தான் போயாக வேண்டும். உறுப்புக்கான காத்திருப்போர் பட்டியல் தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் வழியாகவே நடக்கிறது. டி.எல்.சி.ஓ. 40 சதவீதத்துக்குக் கீழே அல்லது எஃப்.வி.சி. 80க்குக் கீழே இறங்கிய தழும்பு நோயாளிகளை அந்தக் குழுவிடம் அனுப்பிவிட வேண்டும். படுக்கையில் விழுந்த பிறகு போனால் அறுவையைத் தாங்கும் உடல் இருக்காது.

வீடியோ ஆலோசனை முதல் சந்திப்புக்கு உதவாது. முதுகில் சரசரப்பை யாரும் போனில் கேட்க முடியாது. மருந்து தொடங்கிய பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட மிக வசதி.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நோயின் வகை தெரியுமுன் ஸ்டீராய்டு தொடங்கினால் ஸ்கேனின் முகமே மாறிவிடலாம். காரணம் தெரியாத தழும்பு நோயான ஐ.பி.எஃப்.பில் பிரெட்னிசோன், அசாதியோப்ரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் கூட்டு நோயாளிகளுக்கு ஆபத்தைக் கூட்டியது என்று 2012ல் வெளியான பாந்தர் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துத் திடீரென நிறுத்திவிடக் கூடாது, அது வேறு ஆபத்து. தழும்பின் வேகத்தைக் குறைக்க இங்கே பெரும்பாலும் தரப்படும் மருந்துகள் இரண்டு: பிர்ஃபெனிடோன், நின்டெடானிப். இரண்டும் இழந்த மூச்சைத் திருப்பித் தராது, இழப்பின் வேகத்தைக் குறைக்கும்; இதை முதல் நாளே சொல்லும் மருத்துவரை நம்பலாம். பிர்ஃபெனிடோனைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெயிலில் தோல் எரியும். நின்டெடானிப் வயிற்றுப்போக்கு தரும், கல்லீரல் பரிசோதனை முதல் மூன்று மாதம் மாதாமாதம் வேண்டும், கர்ப்பத்தில் கூடாது. இரண்டிலும் இந்திய ஜெனரிக் கிடைக்கிறது; பிராண்டுகளுக்குள் விலை வித்தியாசம் பெரிது, மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வெளியூர் பயணத்துக்கு ஆக்சிஜன் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர்; நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம், 4 லிட்டர் என்றால் 6 மணி நேரம். நடக்கும்போது தேவை கூடும் என்பதால் உட்கார்ந்த கணக்கை வைத்து ஏற்பாடு செய்யாதீர்கள். ரயில் பெட்டியின் சார்ஜிங் பாயின்ட், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டரை ஓட்டும் என்று நம்பி ஏற வேண்டாம். கிளம்புமுன் சிலிண்டரின் அளவு முள்ளைப் பார்த்து, ஸ்பேனரையும் ஒரு மாற்றுக் குழாயையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.